ஊருக்கு மட்டும் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையை நூலாக்குவது எப்படி: வடஆற்காட்டுப் பகுதிக்கான முழு வழிகாட்டி

ஊரில் நாலு தெருவுக்குத் தெரிந்த, வெளியே யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றி 128 பக்கத்தில் நூல் எழுத ஏறக்குறைய ஒன்றரை வருடம் பிடிக்கும். அதில் எழுதும் வேலை நாலைந்து மாதம்தான், மீதியெல்லாம் தேடல். புதிதாக இறங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் வாரமே குடும்பத்தாரிடம் போய் போனில் பதிவை ஓடவிடுகிறார்கள். இரண்டாம் மாதம் எழுதத் தொடங்கி, ஆறாம் மாதம் இரண்டு தேதிகள் ஒன்றோடொன்று மோதியதும் கைவிட்டுவிடுகிறார்கள்.

காகிதம் முதலில், வாய்ச்சொல் அடுத்து, எழுத்து கடைசியில். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு: சாட்சி சொல்லக்கூடியவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது என்றால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவரிடம் போங்கள்.

1. ஆளைத் தேர்வு செய்தல்

தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்த்துக்கொண்டே இரவுப் பள்ளி நடத்தியவர், கூத்து ஜமாவை (கூத்துக் குழுவை) முப்பது வருடம் கட்டிக் காத்த வாத்தியார், பீடி சுற்றும் பெண்களுக்குச் சங்கம் கண்டவர், ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா, கம்மவான்பேட்டையில் இருந்து பட்டாளத்துக்குப் போனவர். இந்தப் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நூலுக்குத் தாங்குவாரா என்பதுதான் கேள்வி.

மூன்றைப் பாருங்கள். அவருடைய ஒரு வேலை நாளைக் காலை முதல் இரவு வரை சொல்ல முடியுமா? குடும்பத்துக்கு வெளியே அவரை நேரில் அறிந்த மூன்று பேராவது உயிரோடு இருக்கிறார்களா? அவர் பெயர் வரும் காகிதம் குறைந்தது ஐந்து கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் நூல். இரண்டுக்கு ஆம் என்றால் இருபது பக்கக் கட்டுரை. ஒன்றுதான் தேறுகிறது என்றால் இன்னும் ஆறு மாதம் தேடுங்கள்.

முதல் கேள்வியில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். "ஏழைகளுக்காக வாழ்ந்தார்" என்பது வேலை அல்ல. என்ன செய்தார், எந்த இடத்தில், எத்தனை பேரோடு, யார் காசில் என்று சொல்ல முடியாத ஆளைப் பற்றி 128 பக்கம் எழுதினால் அது பாராட்டு மடலாகத்தான் முடியும்.

2. கையில் இருக்க வேண்டியவை

நீள நோட்டு ஒன்று, கணினியில் ஒரு எக்செல் கோப்பு, நன்றாகப் பதிவு செய்யும் போன், வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. இவற்றோடு ஒரு பக்க அனுமதிக் கடிதம். அதில் மூன்று வரி போதும்: பேட்டியைப் பதிவு செய்யவும், நூலில் பயன்படுத்தவும், படங்களை நகலெடுக்கவும் சம்மதம். தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் கேட்டால் சிரித்துக்கொண்டே போடுவார்கள். நூல் அச்சுக்குப் போகும் நேரத்தில் கேட்டால் சொத்துத் தகராறு உள்ள வீட்டில் யாரும் போடமாட்டார்கள்.

குடும்பம் வைத்திருக்கும் கடிதங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. காகிதம் யாரிடம் இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான். ஆகவே கடிதத்தை எழுதியவரின் குடும்பத்துச் சம்மதமும் வேண்டும்.

3. ஆண்டுப் பட்டியல்

எக்செல்லில் ஐந்து பத்தி போடுங்கள்: ஆண்டு, மாதம், நடந்தது, ஆதாரம், சந்தேகம். பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வரி. காலியாக இருந்தாலும் வரி இருக்கட்டும். காலி வரிதான் பேட்டியில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தரும்.

இதில் ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளை வேறு நிறத்தில் முதலிலேயே நிரப்பிவிடுங்கள். 1947 சுதந்திரம், 1948 ஜனவரி காந்தி கொலை, 1954 குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராஜர் நின்றது, 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, 1965 இந்தி எதிர்ப்பு, 1969 பிப்ரவரி அண்ணா மறைவு, 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். மறைவு. எந்த வருஷம் என்று கேட்டால் பெரியவர்களுக்கு வராது. "காமராசர் குடியாத்தத்துல நின்னப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டால் உடனே வரும்.

இந்த ஆணி அடித்த தேதிகள் பொய்யையும் பிடிக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது 1909இல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல். பாட்டி 1905இல் அங்கே நர்ஸ் படிப்பு முடித்தார் என்று குடும்பம் சொன்னால், ஆண்டு தவறு அல்லது இடம் தவறு. கூலியை அணாவில் சொல்லாமல் பைசாவில் சொல்கிறார் என்றால், சம்பவம் அநேகமாக 1957க்குப் பிந்தியது.

4. பழைய தேதிகளை மாற்றுதல்

பிழை அதிகம் நேர்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நிலப் பத்திரம், கிஸ்தி (நிலவரி) ரசீது போன்றவற்றில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி ஜூலையில் தொடங்குகிறது. ஆகவே பசலி 1351 என்றால் 1941 ஜூலை முதல் 1942 ஜூன் வரை. ரசீதில் மாதம் இல்லை என்றால் 1941-42 என்றே எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகையிலும் ஜாதகத்திலும் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். குரோதி என்றால் 1904-05 ஆகவும் இருக்கலாம், 1964-65 ஆகவும் இருக்கலாம். எது என்று ஆளின் வயதை வைத்து முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் ஒரு குழி காத்திருக்கிறது. வருடம் சித்திரையில் பிறப்பதால், "குரோதி வருஷம் தை மாசம்" என்பது 1965 ஜனவரி-பிப்ரவரி. அதை 1964 என்று எழுதிவிட்டால், தை மாதக் கல்யாணம் ஒரு வருடம் முன்னால் போய்விடும். தலைப்பிள்ளை பிறந்த தேதியோடு உரசும்போதுதான் தெரியும்.

பழைய பத்திரங்களில் தமிழ் எண்கள். க என்பது 1, உ 2, ரு 5, எ 7, அ 8. அவசரத்தில் 7ஐ எழுத்து என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். பள்ளிவாசல் ஆவணங்களில் இஸ்லாமிய ஆண்டான ஹிஜிரி. அதற்குச் சூத்திரம் போட்டுத் தோராயமாக மாற்றாதீர்கள், மாதத்தோடு சேர்த்து மாற்றித் தரும் பட்டியலைப் பாருங்கள்.

5. பிறந்த தேதியைத் தனியாக விசாரித்தல்

பள்ளிச் சான்றிதழில் மே, ஜூன், ஜூலை மாதப் பிறந்த தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள். தலைக்கு மேலே கையைப் போட்டு எதிர்க்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியாரே ஒரு தேதி போட்ட காலம் அது. நூலில் "பள்ளிப் பதிவின்படி" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஜாதகம் இருந்தால் அதையும் பக்கத்தில் கொடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, இஸ்லாமியக் குடும்பம் என்றால் ஜமாத்தின் நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு). இரண்டிலும் தகப்பன் பெயர், ஊர், தொழில் பெரும்பாலும் இருக்கும். சபைப் போதகரான ஆயரிடமோ பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடமோ நேரில் போய் அனுமதி கேளுங்கள். போனில் கேட்டால் "பழசெல்லாம் இல்லைங்க" என்பதுதான் பதில்.

6. காகிதம் தேடும் இடங்கள்

தேடும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்திருக்கிறது. 1911க்கு முன் வடஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் அப்போது சேலம் ஜில்லா. 1989இல் வடஆற்காடு இரண்டாகி ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வாணியம்பாடிக்காரரின் 1908 விவரத்தை வேலூரில் தேடி அலைந்துவிட்டு, அப்படி ஒரு ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் தேடியிருக்க வேண்டியது சேலம் கணக்கில்.

ஆகவே ஆண்டுப் பட்டியலில் ஊருக்குப் பக்கத்தில் "அப்போதைய ஜில்லா, தாலுகா" என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நில விவரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும். வேலைக்குப் போன விவரத்துக்கு அவர் பணியாற்றிய பள்ளி, நகராட்சி, மருத்துவமனை. அரசு அலுவலகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் "அவரைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். "1952 முதல் 1958 வரையிலான ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி" என்று பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டாளத்துக்காரர் என்றால் முதலில் பணி முடிந்து வரும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் ரெஜிமெண்ட் எண் இருக்கும், அது இல்லாமல் அடுத்த கதவு திறக்காது. சிறை சென்றவர் என்றால் 1972இல் சுதந்திர வெள்ளி விழாவின்போது தாமிரப் பட்டயம் கிடைத்ததா என்றும், தியாகி ஓய்வூதிய மனு நகல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த மனுவில் எந்தச் சிறை, எத்தனை மாதம், சக கைதியின் சான்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கிராமத்து விவரத்துக்கு விஏஓவிடம் போகும்போது, பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) முறை 1980இல் ஒழிந்தது என்பதை மனதில் வையுங்கள். அதற்கு முந்திய சில கணக்குகள் அலுவலகத்தில் இல்லாமல் பழைய கர்ணம் வீட்டுப் பரணில் கிடக்கலாம்.

சென்னைக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும். பழைய செய்தித்தாள் தேட, நடந்த நாளைத் தெரிந்துகொண்ட பிறகே போங்கள். மாவட்டச் செய்தி மூன்று நாலு நாள் தாமதித்து வந்திருக்கும், ஆகவே அடுத்த ஒரு வாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். "ஐம்பதுகளில் ஒரு தடவை பேப்பரில் வந்தாராம்" என்பதை வைத்துக்கொண்டு போனால் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காது.

7. பேட்டி

குடும்பத்தாரிடம் முதலில் போகாதீர்கள். கூட வேலை செய்தவர், பக்கத்து வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர், சண்டை போட்டவர், பிறகு குடும்பம். மகனோ மகளோ சொல்லும் கதை பல தடவை சொல்லி மெருகேறியது. அதை முதலில் கேட்டுவிட்டால் மற்றவர்களிடமும் அதையே தேடுவீர்கள்.

ஒரு அமர்வு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் ஒரு அடி தூரத்தில் வையுங்கள். மேஜை மேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரிப் பதிவாகும். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லுங்கள். நெசவுத் தெருவில் என்றால் தறி ஓடாத நேரத்தைக் கேட்டுப் போங்கள்.

கேள்வி எப்படி என்பதற்கு ஒரு மாதிரி. தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவரிடம், "தாத்தா, உங்க சின்ன வயசு எப்படி இருந்தது?" என்றால், "இன்னா சொல்றது, கஷ்டம்தாம்பா" என்பதோடு முடிந்துவிடும். அதையே, "தாத்தா, ஷாப்புக்கு எத்தினி மணிக்குப் போவீங்க? போனதும் மொதல்ல இன்னா வேலை?" என்று கேட்டால்:

"நாலரைக்கே போயிடணும். சுண்ணாம்புக் குழில நான்தான் மொதல்ல எறங்குவேன். காலு வெந்துடும். வூட்டாண்ட வந்தா ஆயா விளக்கெண்ணெ வெச்சித் தேய்க்கும்."

இந்த நாலு வரியில் நேரம், வேலை, உடம்புக்கு வந்த கேடு, வீட்டில் யார் இருந்தார்கள் என்று நாலு இழை கிடைத்துவிட்டது. அடுத்த அரை மணி நேரத்துக்கு இவற்றைப் பிடித்துக்கொண்டே போகலாம். எப்படி இருந்தது, என்ன நினைத்தீர்கள் என்ற கேள்விகளைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள்.

அவர் அமைதியானால் நீங்களும் பேசாதீர்கள். பத்து விநாடி பொறுத்தால் பெரும்பாலும் அவரே தொடர்வார். புதியவர்கள் அந்த இடத்தில் அடுத்த கேள்வியைத் திணித்து, வரவிருந்ததைத் தடுத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கோப்புக்குத் தேதி, ஊர், பேசியவர், எண் என்று பெயர் வைத்து மூன்று இடத்தில் சேமியுங்கள். எழுத்தாக்கத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். பேச்சுத் தமிழை இலக்கணத் தமிழாக மாற்றி எழுதாதீர்கள். "வந்துகினு இருந்தாரு" என்பதை "வந்துகொண்டிருந்தார்" ஆக்கிவிட்டால் வாலாஜாவா மதுரையா என்றே தெரியாது. உருது பேசும் வீடுகளில் தமிழும் உருதுவும் கலந்துதான் வரும். அந்தச் சொல்லையும் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, பொருளைப் பேசியவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. சரிபார்ப்பு

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குறி போடுங்கள். காகிதம் இருந்தால் கா, தனித்தனியான இரண்டு பேர் சொன்னால் வா2, ஒருவர் மட்டும் என்றால் வா1. அண்ணனும் தம்பியும் அம்மா சொல்லிக் கேட்டதைச் சொன்னால் அது வா2 அல்ல, வா1தான். ஊற்று ஒன்று, குடம் இரண்டு.

வா1 செய்தியை நூலில் போடலாம். யார் சொன்னது என்று வாக்கியத்திலேயே வர வேண்டும், அவ்வளவுதான். காகிதமும் வாய்ச்சொல்லும் மோதினால் உடனே காகிதத்தின் பக்கம் சாயாதீர்கள். வயது, சாதி, சம்பளம் மூன்றிலும் காகிதம்தான் அதிகம் பொய் சொல்லும்.

9. படங்கள்

600 டிபிஐயில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டூடியோ முத்திரை, ஊர், பென்சிலில் ஒரு எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். முத்திரை "வட ஆற்காடு" என்று சொன்னால் பெரும்பாலும் 1989க்கு முந்திய படம். பென்சில் எண் பல சமயம் நெகட்டிவ் எண். ஸ்டூடியோ இன்னும் நடக்கிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது, மேல் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, விளக்கை அணைத்து, சட்டத்தோடு படமெடுங்கள். படத்தில் உள்ளவர்களை இடமிருந்து வலமாக அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

10. எழுதுதல்

டெமி என்ற புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால், 128 பக்கத்தில் முன்பக்கங்கள், படங்கள் போக 23,000 சொல் தேறும். பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,900 சொல்.

முதல் அத்தியாயத்தைப் பிறப்பில் தொடங்காதீர்கள். அவருடைய ஒரு வேலை நாளில் தொடங்குங்கள். முன்பின் தெரியாத ஆளின் பிறந்த ஊரும் தாத்தா பெயரும் வாசகருக்கு எதற்கு? அவர் என்ன செய்தார் என்று பார்த்த பிறகுதான் எங்கே பிறந்தார் என்று கேட்கத் தோன்றும்.

எழுதி முடித்ததும் பெயரடைகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். மாபெரும், ஒப்பற்ற, தன்னலமற்ற. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதை நிரூபிக்கும் செயல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொல் வேண்டாம். இல்லை என்றால் அந்தப் பத்தியே வேண்டாம்.

இரண்டாம் குடும்பம், கடன், குடி, சாதிச் சண்டை வரும் இடங்களில் ஒரு அளவுகோல் உண்டு. அது அவருடைய வேலையை மாற்றியதா? மாற்றியது என்றால் எழுதுங்கள், இல்லை என்றால் விடுங்கள்.

11. குடும்பத்துக்குக் காட்டுதல்

முழுப் பிரதியைக் கொடுத்து 30 நாள் அவகாசம் சொல்லுங்கள். தகவல் பிழைகளை எழுத்தில் தரச் சொல்லுங்கள். "இந்த இடம் பிடிக்கல" என்பது பிழை அல்ல. இந்த வேறுபாட்டை அனுமதிக் கடிதம் வாங்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும். பேட்டி தந்த மற்றவர்களுக்கு அவரவர் பேச்சு வரும் பக்கங்களை மட்டும் காட்டினால் போதும்.

12. அச்சு

அச்சகம் 16 பக்கப் பாரமாக (ஒன்றாகச் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதியாக) கணக்குப் போடும். 128 பக்கம் எட்டுப் பாரம், 131 என்றால் ஒன்பதாவது பாரத்தின் செலவும் உங்கள் தலையில். அரசியல்வாதி, அதிகாரி, கல்லூரி முதல்வர் என்று ஐந்து வாழ்த்துரை வாங்கினால் ஒரு பாரத்தை அவர்களே தின்றுவிடுவார்கள். ஒரு அணிந்துரை, அதுவும் அந்தத் தொழில் தெரிந்தவரிடம்.

கோப்பை யூனிகோடில் கொடுங்கள். சில அச்சகங்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும். அப்போது கொம்புகள் இடம் மாறும், கிரந்த எழுத்துகள் காணாமல் போகும். மாற்றிய பிறகு வரும் பிரதியை முதலில் இருந்து திருத்துங்கள், முன்பே திருத்திய கோப்புதானே என்று விட்டுவிடாதீர்கள். படிகள் 300க்குள் என்றால் டிஜிட்டல், 500க்கு மேல் என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம், ஆனால் அட்டை முடிவாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், சட்டம் சொல்லும் மற்ற இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்பிவிடுங்கள்.

பேட்டி தந்தவர்களுக்கு விழா மேடைக்குக் காத்திராமல் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். பார்வை மங்கியவர்களுக்கு அவர்கள் பேசிய பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். "அது ரங்கூன் இல்லப்பா, பினாங்கு" என்று அப்போதுதான் ஒருவர் சொல்வார். பென்சிலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.